லெஃப்ட் பேக் இடத்தில் ஒரு மூடி

செல்வமேரியின் கையில் ஒரே ஒரு மூடி பாக்கி இருந்தது.

சேக் மைதீன் டீக்கடையின் கடப்பைக்கல் மேஜை மேல் சாக்பீஸால் கோடு கிழித்து ஒரு ஃபுட்பால் மைதானமே வரைந்திருந்தார்கள். அதில் பத்து கலர் பாட்டில் மூடிகள் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. கோல்கீப்பர் அடைக்கலராஜ், நடுவில் லூர்துசாமி என்று ஒவ்வொரு மூடியாக அவள் வைக்கும்போது சுற்றி நின்ற கூட்டம் “ஆங்!” “சபாஷ்!” என்று தலையாட்டியது. இப்போது பின்வரிசையில் இடது ஓரத்து லெஃப்ட் பேக் இடம் மட்டும் காலி.

அந்த இடத்துக்கு ஆள் இரண்டு பேர். ஒருவன் விக்டர். காலேஜ் முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த பையன், ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது. இன்னொருவர் அற்புதசாமி. கல்யாணம் ஆன நாளிலிருந்து பாலக்கரை ஸ்டார் அணிக்கு அந்த இடத்தில் ஆடி வந்தவர். கல்யாணம் யாரோடு என்று கேட்டால், கையில் மூடியோடு நிற்கிறாளே, அவளோடுதான்.

ஊர் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு வழக்கம் வேறெங்கும் கிடைக்காது. முன்பெல்லாம் மாதா திருவிழாக் கோப்பைக்கு டீம் போட ஒரு செலக்‌ஷன் கமிட்டி இருந்தது. உன் மச்சான், என் தம்பி என்று அந்தக் கமிட்டி அடித்துக்கொண்டதில் ஒரு வருஷம் நாற்காலி உடைந்தது, மறு வருஷம் மண்டை உடைந்தது. “இப்படியே போனா கோப்பையும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்று மாதா கோயில் சாமியார் கோபித்துக்கொண்டார். அப்போது சேக் மைதீன்தான் ஒரு வழி சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மூடி வைத்துத் தங்கள் டீமைக் காட்டி, மறுநாள் மேட்சின் ஸ்கோரையும் சொல்லவேண்டியது. சீசன் முழுக்க யார் சொன்னது அதிகம் பலித்ததோ, அவர்கள் கையில் திருவிழா ஃபைனலுக்கு டீம் போடும் உரிமை. ஃபைனலில் கடைசி விசில் ஊதுகிற வரைக்கும் டீம் அவர்களுடையது. யாரை எடுப்பது, யாரை உள்ளே விடுவது என்பதும் அவர்கள் இஷ்டம். ஆட்டக்காரர்கள் பெஞ்சில் உட்காரலாம், டீ குடிக்கலாம். டீம் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. வாயைத் திறந்தவன் அந்த ஆட்டத்துக்குக் கிடையாது.

எழுபத்தொன்பதாம் வருஷம் அந்த உரிமை செல்வமேரிக்கு வந்தது. சும்மா வரவில்லை. அவள் வெளியூர் போன் இணைக்கிற டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போன், எதிரில் போர்டு, நாள் முழுக்க “சொல்லுங்க, சொல்லுங்க” என்று பேசிப் பேசி ஊறிய குரல். மெட்ராஸ் ஆபரேட்டர், கல்கத்தா ஆபரேட்டர் எல்லாருமே அவளுக்குச் சிநேகிதம். லைன் சும்மா இருக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுவிடுவாள். மறுநாள் பேப்பர் வருவதற்கு முன்பே பாலக்கரைக்கு ஸ்கோர் வந்துவிடும். ஆட்டக் கணக்கே மூச்சாக இருந்தவளின் கணிப்புப் பலித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மைதானத்துக்குப் போனாலோ, குடையை மடக்கி ஆட்டிக்கொண்டு அவள் போடுகிற சத்தத்தில் எதிர் டீம் கோல்கீப்பருக்குக் கை நடுங்கும் என்பார்கள்.

அதில் ஒரு வேடிக்கை. இத்தனை வருஷத்தில் தன் மூடி டீமில் அவள் ஒருநாளும் புருஷனைச் சேர்த்ததில்லை. “எங்க வீட்டுக்காரரா? அவருக்கு டவுன் பஸ் வேகம்ங்க. ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிப்பாரு” என்பாள். கடையே சிரிக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அற்புதசாமியும் டம்ளருக்குள் பார்த்துச் சிரிப்பார். அவர் வெல்டர். முகமூடிக்குப் பின்னால் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை. வீட்டிலும் பேச்சு கிடையாது. “உப்பு”, “தண்ணி”, “வரேன்”, அவ்வளவுதான். மீதிப் பேச்சையெல்லாம் அவளே இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசிவிடுவாள். அவர் சிரித்ததால் அவருக்கு வலிக்கவில்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

“புருஷனையே வெளிய உக்கார வைக்கிறவங்க. இவங்ககிட்ட டீமைக் குடுத்தா ஓரவஞ்சனை இருக்காதுங்க” என்று கிளப் காரியதரிசி மாத்ருபூதமே சந்தோஷப்பட்டார். ஆக, இன்றைக்கு இந்த மூடி அவள் கையில். விளையாட்டுக்குச் சொன்னது நிஜமாக வந்து நிற்கிறது.

எதிர் அணி பொன்மலை டைமண்ட். அதில் ரைட் விங்கில் தங்கையன் என்று ஒருவன், பேய் மாதிரி ஓடுவான். அவனைச் சமாளிக்க வேண்டியவர் நம் லெஃப்ட் பேக்தான். செல்வமேரி கணக்குப் போட்டாள். தங்கையன் பக்கத்தில் ஓட விக்டரால் முடியும். அற்புதசாமியால் முடியாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் கை நகரவில்லை. இது அவருக்குக் கடைசித் திருவிழாவாக இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வருஷம் முழுக்க அவர் கேட்டது ஒன்றுமில்லை. போன வாரம் மட்டும், முற்றத்தில் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, “ஃபைனல் அன்னைக்கு எங்கம்மா வேளாங்கண்ணியிலேருந்து வருது” என்றார். அது ஒரு முழு வாக்கியம். அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியாதா?

கோல்கீப்பர் அடைக்கலராஜ் பெஞ்சில் இரண்டு தடவை இருமினான். சேக் மைதீன் அவனை முறைத்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

செல்வமேரி மூடியை வைத்தாள். “விக்டர்” என்றாள். “ஸ்கோர் ரெண்டுக்கு ஒண்ணு. நமக்கு ஜெயம்.”

கூட்டம் கைதட்டியது. ரிசர்வ் பெயர்களில் முதல் பெயராக அற்புதசாமியைச் சொன்னாள். அது காதில் விழுந்ததோ இல்லையோ, அவர் டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. அவளைத் தாண்டித்தான் போகவேண்டும், போனார்.

பேசாத மனுஷன் பேசாமல் இருந்தால் அதில் என்ன வித்தியாசம் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியும். பக்கத்தில் படுத்திருப்பவளுக்குத் தெரியும். அன்று ராத்திரி “உப்பு” என்றுகூட அவர் கேட்கவில்லை. ரசம் உப்பில்லாமல்தான் இருந்தது. அப்படியே சாப்பிட்டுத் தட்டைத் தானே கழுவிவைத்துவிட்டு வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்த அம்மாவிடமும் தலையை ஆட்டியதோடு சரி. கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் தொங்கும் பூட்ஸ் அங்கே இல்லை. சிவப்பு லேஸ் போட்ட பூட்ஸ். கடை லேஸ் அறுந்துபோனபோது அவள்தான் தன் ரிப்பனை முறுக்கிக் கோத்துக் கொடுத்தாள். கோபத்தில் எங்கேயாவது வீசிவிட்டாரோ? கேட்கலாம் என்று வாயெடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்காமலே விட்டாள். இந்த மனுஷன் இனிமேல் இப்படியே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. கோப்பை போனால் அடுத்த வருஷம் வரும். இது போனால்?

சாயங்காலம் நாலு மணிக்கு மைதானம் நிரம்பி வழிந்தது. கொடி கட்டிய கயிற்றைச் சுற்றி ஜனம், மதில் மேல் ஜனம், மரத்தின் மேல் ஜனம். எக்ஸ்சேஞ்சில் கூட வேலை செய்யும் ரெங்கநாயகி ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து பஸ் மாறி வந்திருந்தாள். அவளுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர், ஃபுட்பால் பற்றி ஒன்றுமே தெரியாது. “நீ டீம் போட்ட மேட்ச்சுன்னா நான் வராம இருப்பேனா?” என்று வந்தவள், கைக்குட்டையை விரித்துப் போட்டு செல்வமேரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பாலக்கரை ஸ்டார் உள்ளே ஓடி வந்தது. விக்டர் கடைசியாக வந்தான். அவன் காலைப் பார்த்த செல்வமேரிக்குத் திக்கென்றது. சிவப்பு லேஸ்.

விக்டரின் பூட்ஸ் அடி பிய்ந்துபோயிருந்தது என்பது பிறகு தெரிந்தது. முந்தின நாள் ராத்திரி அற்புதசாமி தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் போனது அவன் வீட்டுக்குத்தான். தன் இடத்தை வாங்கிக்கொண்டவனுக்குத் தன் பூட்ஸையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இப்போது ரிசர்வ் ஆட்களோடு, வெறுங்காலோடு, கோட்டுக்கு வெளியே புல்லில் உட்கார்ந்திருந்தார். செல்வமேரிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. மனுஷன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை!

விசில் ஊதியது. தங்கையன் பந்தைத் தொட்டதும் பொன்மலைக் கூட்டம் எழுந்து நின்றது. விக்டர் கூடவே ஓடினான், காலை நீட்டினான், பந்தைத் தட்டி வெளியே விட்டான். “அப்படித்தான்டா கண்ணு!” என்று செல்வமேரி குடையை ஆட்டிக் கத்தினாள். இரண்டாவது தடவையும் விக்டர்தான் ஜெயித்தான். அவளுக்கு மூச்சு வந்தது. நான் போட்ட கணக்கு சரிதான், பாருங்கள் என்று அற்புதசாமி இருந்த பக்கம் திரும்பப் போனாள், ஆனால் திரும்பவில்லை.

அப்புறம்தான் கூத்து ஆரம்பித்தது. தங்கையன் பக்கம் பந்து போகவே இல்லை, நடுவில் போனது. லூர்துசாமி ஒரு அடி எடுத்து வைத்தான். எதிரே அடைக்கலராஜும் ஓடி வந்தான். இரண்டு பேரும் ஒரே பந்துக்கு வந்து, நீ எடு நான் எடு என்று இரண்டு பேருமே நின்றுவிட்டார்கள். நடுவில் புகுந்த பொன்மலைக்காரன் ஒருவன், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்வது போல நிதானமாக வந்து, பந்தைக் கோலுக்குள் உருட்டிவிட்டுப் போனான். ஒன்று பூஜ்யம்.

“என்னடா பண்றீங்க! கண்ணு இல்லையா உங்களுக்கு?” செல்வமேரியின் குரல் மதிலில் மோதித் திரும்பியது. பின்வரிசை அதற்கப்புறம் ஒரு பின்வரிசையாகவே இல்லை. ஒருவன் முன்னே போனால் இன்னொருவன் பின்னே நின்றான். விக்டர் ஓரத்துக்கு ஓடினால் அவன் விட்ட இடத்தை அடைக்க ஆள் வரவில்லை. பதினோரு பேரும் நல்ல ஆட்டக்காரர்கள். ஒவ்வொருவனையும் தனித்தனியாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கோர்க்காத மணி மாதிரி ஆளுக்கொரு திசையில் உருண்டார்கள். அவள் தேடித் தேடி வைத்த மூடிகள்! அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. புரியாததால் இன்னும் சத்தமாகக் கத்தினாள்.

ரெங்கநாயகி அவள் முழங்கையைத் தொட்டாள். “ஏன்டி மேரி, உங்க ஆத்துக்காரர் யாரோட பேசிண்டிருக்கார்? பக்கத்துல ஒருத்தரும் காதுல வாங்கிண்ட மாதிரி தெரியலையே.”

“அவராவது, பேசுறதாவது.”

“இல்லடி. வாய் அசைஞ்சுண்டே இருக்கு, பாரேன்.”

செல்வமேரி திரும்பினாள். ஆமாம், வாய் அசைந்தது. ஜெபம் சொல்கிறாரோ என்று நினைத்தாள். பிறகு, இத்தனை கூச்சலுக்கு நடுவிலும், இரைச்சல் லைனில் ஒரு குரலைப் பிரித்துப் பிடிக்கப் பழகிய அந்தக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

“விக்டர், போ, போ, நான் இருக்கேன்… லூர்து, உனக்குப் பின்னால ஆளு… அடைக்கலம், நில்லு, வராத… எல்லாரும் மேல ஏறு, ஏறு, ஏறு… லூர்து, இடது பக்கம் பாரு…”

அவர் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வெறுங்கால் விரல்கள் புல்லை நெரித்தன. அவர் சொல்லி முடித்த அடுத்த நொடியில், சொன்ன இடத்தில், சொன்ன தப்பு நடந்தது.

அடக் கடவுளே! இத்தனை வருஷமாக அந்தப் பின்வரிசையைக் கட்டி நிறுத்தியது இந்த வாய். அந்த டவுன் பஸ் கால்களைப் பார்த்துச் சிரித்தாளே தவிர, வாயைப் பார்த்தாளா? வீட்டில் ஊமை மாதிரி இருக்கிறவர் மைதானத்துக்குள் விடாமல் பேசுகிறார் என்று யார் நினைப்பார்கள்? ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். அவர்களோ மேஜை முன்னால் வாயைத் திறக்கக்கூடாது. பார்க்கிற அவளுக்குத்தான் தெரிந்திருக்கவேண்டும். ஒவ்வொரு மேட்சிலும் இந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேதான் நின்றிருக்கிறாள். கேட்டதே இல்லை. எப்படிக் கேட்கும்? அவர் பேசும்போதெல்லாம் அவளல்லவா கத்திக்கொண்டிருந்தாள்!

எழுந்து ஓடினாள். “சத்தமா சொல்லுங்க! அவங்களுக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க!”

அற்புதசாமி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சமயம் பொன்மலை மறுபடி நடுவில் இறங்கியது. அவரை அறியாமல் குரல் வெடித்தது. “லூர்து! பின்னால!” லூர்துசாமி சட்டென்று திரும்பிப் பந்தை வெட்டினான். ரெஃப்ரி விசிலை ஊதிக்கொண்டு கோட்டுக்கே வந்துவிட்டார். “வெளிய இருந்துக்கிட்டு ஆட்டம் சொல்லிக் குடுக்கக் கூடாதுங்க. இன்னொரு தடவை கேட்டா மைதானத்தை விட்டே அனுப்பிருவேன்.” அற்புதசாமி தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் முணுமுணுப்பும் இல்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், பின்வரிசை நால்வரில் மூன்று பேர் மேலே ஏற, ஒருவன் மட்டும் பின்னால் தங்க, ஆஃப்சைடு ஆகாமல் தப்பிய பொன்மலை இரண்டாவது கோலையும் போட்டது.

இடைவேளையில் எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டு டீம் வட்டமாக உட்கார்ந்திருந்தது. செல்வமேரி கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தாள். ஒரு பொம்பளை மைதானத்துக்குள் போவதைப் பார்த்து மதில் மேலிருந்து விசிலடித்தார்கள். அவள் காதில் அது ஏறவில்லை.

“விக்டர் வெளிய. இவர் உள்ள” என்றாள்.

“வேணாம்” என்றார் அற்புதசாமி. சனிக்கிழமைக்கப்புறம் அவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை. “நேத்து வேணாம்னு வச்ச ஆளு. இன்னைக்கும் வேணாம்னே இருக்கட்டும்.”

எல்லாரும் எலுமிச்சையைச் சப்புவதை நிறுத்திவிட்டார்கள். செல்வமேரிக்கு முகம் சிவந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் ஒன்றுக்குப் பத்தாகப் பதில் சொல்லியிருப்பாள். இப்போது அவர் முன்னால் புல்லில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“தப்பு என்னுதுங்க” என்றாள். “நீங்க உள்ள பேசுறது எனக்குத் தெரியாது. நான் கத்துன கத்துல ஒருநாள்கூட உங்களை நான் கேக்கல. வீட்டுலயும் அப்படித்தான் இருந்திருக்கேன். உங்க காலைத்தான் எடை போட்டேன். என்னைப் பிடிக்கலைன்னா வீட்டுக்கு வந்து திட்டுங்க. இவங்களை விட்டுடாதீங்க.”

விக்டர்தான் முதலில் அசைந்தான். கீழே உட்கார்ந்து சிவப்பு லேஸை அவிழ்க்க ஆரம்பித்தான். “போங்கண்ணே. நீங்க இல்லாம எனக்கு உள்ள கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருக்கு” என்று சொல்லி, பூட்ஸைத் தன் சட்டையில் துடைத்து அவர் முன்னால் வைத்தான். அற்புதசாமி காலை உள்ளே விட்டார்.

செல்வமேரி திரும்பி வந்தவள் உடனே உட்காரவில்லை. கோட்டோரமாகவே நடந்தாள். “யாரும் சத்தம் போடக்கூடாது. கையைத் தட்டக்கூடாது, விசிலடிக்கக்கூடாது.”

“ஃபைனல்ல கத்தாம எதுக்கும்மா வந்தோம்?” என்றது ஒரு குரல்.

“கத்துறதுல உங்க எல்லாருக்கும் மேல நான். நானே வாயை மூடிக்கிறேன், உனக்கென்ன?”

சேக் மைதீன் மறு ஓரத்தில் எழுந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். “அக்கா சொன்னா கேளுங்கப்பா!” பாலக்கரைப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. என்ன சூட்சுமமோ என்று பயந்து பொன்மலைப் பக்கமும் அடங்கியது. அப்படி ஒரு அமைதியை அந்த மைதானம் கண்டதில்லை. பந்தில் பூட்ஸ் படுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் ஒரே ஒரு குரல் கேட்டது.

“லூர்து, நீ போ, நான் இருக்கேன்! அடைக்கலம், உன் பந்து, வா, வா! எல்லாரும் ஏறு! நில்லு! விடு, அது வெளிய போகுது, விடு!”

கணீரென்ற குரல். உப்பு, தண்ணி என்று கேட்கிற குரலா இது? செல்வமேரி முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். பெருமையாக இருந்தது, அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இந்தக் குரலில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னிடம் பேசியிருக்கக் கூடாதா? பேச நான் இடம் கொடுத்திருந்தால் அல்லவா என்றும் உடனே தோன்றியது.

மணிகள் கோர்த்துக்கொண்டன. பின்வரிசை ஒரே ஆள் போல ஏறியது, இறங்கியது. பொன்மலைக்காரர்கள் ஆஃப்சைடில் மாட்டி மாட்டிக் கையை விரித்தார்கள். பின்னால் என்ன ஆகுமோ என்ற பயமில்லாமல் லூர்துசாமி முன்னே போய் ஒரு கோல் போட்டான். கூட்டம் எழுந்தது. செல்வமேரி குடையைக் காட்டி உட்கார வைத்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கோல். இரண்டுக்கு இரண்டு. ரெங்கநாயகி அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். “பெருமாளே, ரங்கா, காப்பாத்து” என்று அவளும் ரகசியமாகத்தான் சொன்னாள்.

வெயில் சாய்ந்துவிட்டது. ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தார். அற்புதசாமியின் குரல் கம்மத் தொடங்கியிருந்தது, கால் அதற்கு முன்பே ஓய்ந்திருந்தது. இடுப்பில் கை வைத்துக் குனிந்து குனிந்து நின்றார். எடுத்துவிடலாமா? செல்வமேரி எழுந்தாள். எடுத்தால் மறுபடி குருட்டு ஆட்டம். எடுக்காவிட்டால் தங்கையன் இருக்கிறான். எழுந்தவள் அப்படியே நின்றாள்.

தூக்கி அடித்த பந்து ஒன்று ஓரத்தில் விழுந்தது. தங்கையன் பாய்ந்தான். அற்புதசாமியும் திரும்பினார். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓடத் தொடங்கினார்கள். ஒரு அடி, இரண்டடி, பிறகு தங்கையன் தனியாக ஓடினான். “அடைக்கலம், வா!” என்ற குரல் மட்டும் அவனைத் துரத்திக்கொண்டு போனது. அடைக்கலராஜ் கொஞ்சமும் யோசிக்காமல் வெளியே பாய்ந்தான். தங்கையன் பந்தை அவன் தலைக்கு மேல் மெல்லத் தூக்கி விட்டான். அது தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வலைக்குள் போனது.

மூன்றுக்கு இரண்டு. கொஞ்ச நேரத்தில் கடைசி விசிலும் ஊதியாகிவிட்டது.

பொன்மலைக்காரர்கள் கோப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பாலக்கரைக் கூட்டம் செல்வமேரியைச் சுற்றி நின்றது. யாரும் அடிக்கவில்லை, ஆனால் பார்த்த பார்வை அடித்தது. மாத்ருபூதம் துண்டை உதறித் தோளில் போட்டார். “எடுத்ததும் தப்பு, போட்டதும் தப்பு. மூடி வைக்கிறது வேற, டீம் போடுறது வேறம்மா. வீட்டு விவகாரத்தை மைதானத்துல கொண்டு வந்து வச்சா இப்படித்தான்.”

செல்வமேரி தலையைக் குனிந்தாள். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது.

“யோவ்!”

அதே குரல், மைதானத்துக் குரல். கம்மிப்போயிருந்தாலும் எல்லாரையும் திரும்ப வைத்தது. அற்புதசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பூட்ஸை லேஸில் முடிந்து கழுத்தில் போட்டிருந்தார்.

“அவ போட்ட டீம் சரிய்யா. தங்கையன் கூட ஓட என்னால ஆகாது. அவளுக்கு அது தெரிஞ்சிருக்கு, என்னை வெளிய வச்சா. புருஷன்னு பாக்காம வச்சா பாருங்க, அதுக்கு நெஞ்சு வேணும். உங்க கமிட்டில ஒருத்தனுக்கு இருந்துச்சா அது? கடைசி கோல் என் காலால போச்சு. திட்டணும்னா என்னைத் திட்டுங்க.”

மாத்ருபூதம் தோளில் போட்ட துண்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். அற்புதசாமி இத்தனை வார்த்தை பேசி யார் கேட்டிருக்கிறார்கள்? பதில் சொன்னது செல்வமேரிதான்.

“என்ன பேசுறீங்க? போட்டது சரியில்ல. முதல்லேருந்தே நீங்க உள்ள இருந்திருந்தா அந்த ரெண்டு கோலும் விழுந்திருக்காது.”

“முதல்லேருந்து ஆடியிருந்தா பாதியிலேயே காலு போயிருக்கும். தங்கையன் நாலு போட்டிருப்பான்.”

“போட்டிருக்க மாட்டான்!”

“போட்டிருப்பான்டி, நான்தானே உள்ள நின்னேன்!”

சேக் மைதீன் சிரித்துவிட்டார். பிறகு கூட்டமே ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டு கலைந்தது. ரெங்கநாயகி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள். இவர்கள் இரண்டு பேருக்கும் அது தெரியவே இல்லை. மாமியாரை முன்னால் நடக்கவிட்டு, தெரு நெடுக அந்த மூன்றாவது கோலைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

“அவனை ஓரத்துக்குத் தள்ளியிருக்கணும்ங்க நீங்க.”

“தள்ளத்தான் பாத்தேன். நீ என்னவோ அன்னைக்கு சொன்னியே, டவுன் பஸ்ஸுன்னு…”

செல்வமேரி நின்றுவிட்டாள். “அது உங்களுக்கு வலிச்சுதா?”

“வலிச்சுது” என்றார் அவர். “ஒவ்வொரு தடவையும் வலிச்சுது.”

“ஏன் சொல்லல?”

“எங்கே சொல்ல விட்ட?”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அப்படிப் பிடித்ததில்லை. இனிமேல் சொல்ல மாட்டேன் என்றாள், அதையும் மெதுவாகச் சொன்னாள். வீட்டுக்குள் போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. லூர்துசாமிக்கு இடது பக்கம் பார்க்கவே தெரியாது, அடைக்கலம் உயரப் பந்துக்குப் பயப்படுவான், விக்டரை அடுத்த வருஷத்துக்குள் எப்படிப் பேசப் பழக்குவது என்று, கம்மிய தொண்டையோடு, இத்தனை வருஷத்துப் பாக்கியையும் கொட்டிக்கொண்டிருந்தார். செல்வமேரி அடுப்பைப் பற்றவைக்காமல் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டு வீராயி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். “என்ன செல்வமேரி, வீட்டுக்கு விருந்தாளியா? ஆம்பளைக் குரல் கேக்குதே.”

“விருந்தாளி இல்ல வீராயி. எங்க வீட்டுக்காரர்தான்.”

ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“ம், சொல்லுங்க” என்றாள்.